இலைக்குள் ஒரு குடித்தனம்

வாடகை வீட்டில் இருப்பவனுக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட உரிமை கிடையாது என்பது உலகறிந்த சட்டம். மேட்டுப்பாளையத்தில் எனக்கு வாய்த்த வீட்டுக்கார அம்மா அந்த ரகம் இல்லை. "ஆணிதானுங்க தம்பி, நாலு வேணும்னாலும் அடிச்சுக்கங்க" என்பார். ஐந்தாம் தேதி தரவேண்டிய வாடகை பதினைந்துக்குப் போனாலும் முகம் சுளிக்க மாட்டார். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேறென்ன? (எழுதியதற்குப் பணம் எப்போது வரும் என்பது எழுதியவனுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.)

அந்த அம்மா போன ஐப்பசியில் பெங்களூருக்கு மகன் வீட்டுக்குக் கிளம்பினார். மருமகளுக்குப் பிரசவ சமயம். மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். ஆட்டோவில் ஏறும்போது ஒரே ஒரு பொறுப்பை மட்டும் என் தலையில் வைத்தார்.

"வேற ஒண்ணும் வேணாமுங்க தம்பி. பொடக்காலில இருக்கற எலுமிச்சங்கன்ன மட்டும் ஒரு பார்வை பாத்துக்கங்க. அவரு கடைசியா வெச்சதுங்க."

'அவரு' என்றால் வீட்டுக்காரர். இங்கே ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். அதற்கு முந்தின வருஷம்தான் தவறிப்போனார். போவதற்கு இரண்டு மாதம் முன்னால், மூச்சு வாங்க வாங்க, யார் சொல்லியும் கேட்காமல் குழி தோண்டி வைத்த கன்று அது. இப்போது என் இடுப்புயரம் இருந்தது.

ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்ன பெரிய வேலை? பி.காம். படித்தவனுக்கு அதுகூடவா வராது?

வரவில்லை.

அந்த அம்மா போன இரண்டாவது வாரம் நல்ல மழை. நீலகிரி மலை பத்து நாள் மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. எலுமிச்சைக்கு ஏக சந்தோஷம். கிளைக்குக் கிளை இளம் பச்சையில் கொழுந்து தள்ளியது. நான் அதைப் போட்டோ எடுத்து பெங்களூருக்கு அனுப்பினேன். 'ரொம்ப சந்தோசமுங்க தம்பி' என்று பதில் வந்தது. என்னமோ நானே உட்கார்ந்து பச்சை வர்ணம் அடித்த மாதிரி ஒரு பெருமை எனக்கு.

ஐந்தாறு நாள் கழித்துப் பார்த்தால் கொழுந்து இலைகளில் வெள்ளி நிறத்தில் கோடு கோடாக ஒரு கிறுக்கல். சின்னப் பிள்ளை பென்சில் கிடைத்த சந்தோஷத்தில் சுவரில் போடுமே, அந்த மாதிரி. வளைந்து, நெளிந்து, போன வழியே திரும்பி வந்து, மறுபடி வளைந்து... நத்தை ஏதாவது ஊர்ந்திருக்கும் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. கோடு இலையின் மேலே இல்லை, உள்ளே!

அடுத்த நாள் பத்து இலை. அதற்கடுத்த நாள் கொழுந்து பூராவும். இலைகள் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டுகொண்டன. அன்றைக்கு என்று பார்த்து அந்த அம்மா வீடியோ காலில் வந்தார்.

"ஏனுங் தம்பி, கன்னு எப்புடி இருக்குதுங்க? கொஞ்சம் காட்டுங்க, பாக்கலாம்."

"நல்லா இருக்குதுங்கம்மா. இங்க நெட் சரியா கிடைக்கறதில்லீங்க. அப்புறமா காட்டறேனுங்க."

நெட் பிரமாதமாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. கிடைக்காமல் போனது எனக்குத் தைரியம்.

பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று: உர மருந்துக்கடைக்குப் போய், "எலை சுருளுதுங்க, நல்லா பவரா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து அடித்தேன். குறையவில்லை என்று மறு வாரமும் அடித்தேன். இரண்டு: கோடு விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளி எறிந்தேன். மூன்று: செடி பாவம், தெம்பு வரட்டும் என்று இரண்டு கை யூரியா போட்டேன். செடி மொட்டை அடித்த மாதிரி நின்றது. ஒரே வாரத்தில் புதுக்கொழுந்து விட்டது. அதிலும் வெள்ளிக்கோடு!

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். ஞாயிற்றுக்கிழமைதோறும், "நல்லா இருக்குதுங்கம்மா." ஆபீஸில் டேலி ஆகாத கணக்கை மேனேஜரிடம் 'முடிஞ்சுது சார்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் புரண்டிருக்கிறீர்களா? அந்த அவஸ்தை. நான் வேலையை விட்டதே அதற்குப் பயந்துதான். அது பொடக்காலி வழியாகத் திரும்ப வந்துவிட்டது.

மாடி அறையில் ஒரு பையன் குடியிருக்கிறான். இங்கே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி இருக்கிறதல்லவா, அதில் படிக்கிறவன். துணி காயப்போட வந்தவன், மருந்து டப்பாவோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். பையிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்தான். (நம் பையில் பஸ் டிக்கெட் இருக்கும், அவன் பையில் லென்ஸ்.) ஓர் இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்து, "அண்ணா, பாருங்க" என்றான்.

பார்த்தேன். கோட்டின் நுனியில், கண்ணாடித் தாளுக்கு அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி, வெளிர் மஞ்சளாக ஒரு புழு. தட்டையாக இருந்தது. அரிசிக் குருணை பக்கத்தில் வைத்தால் குருணை குண்டாகத் தெரியும். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி முன்னேறிக்கொண்டிருந்தது. உயிரோடு! நான் இரண்டு தடவை 'பவரா' அடித்த பிறகும்.

"இதான் அண்ணா இலைத்துளைப்பான். ஒரு குட்டி அந்துப்பூச்சியோட புழு. மேல அடிக்கற மருந்துல முக்கால்வாசி இதைத் தொடவே தொடாது. இலையோட மேல்தோலுக்கு அடியில இருக்குது பாருங்க. அதுக்கு ரெயின்கோட்டே இலைதான்."

பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. பெயரின் நீளத்தில் பூச்சி இல்லை. உட்கார்ந்திருக்கும்போது இரண்டு மில்லிமீட்டர். சிறகை விரித்தால் நான்கு. வெள்ளிச் சிறகு, அதன் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. சாயங்காலம் இருட்டும் நேரத்திலும் விடியற்காலையிலும்தான் நடமாட்டம். பகலில் இலைக்கு அடியில் தூக்கம். இதைப் பார்த்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூசி என்று தட்டிவிட்டிருப்பார்கள்.

தாய்ப்பூச்சி ஒவ்வொரு முட்டையாக, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டி வைக்கும். முற்றிய இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேற்று விரிந்த கொழுந்துதான் வேண்டும். சில நாளில் முட்டை பொரியும். பொரிந்த புழு வெளியே தலையை நீட்டி உலகத்தைப் பார்ப்பதெல்லாம் கிடையாது. நேராக இலைக்குள் இறங்கிவிடும். பொரித்த இடமே வீட்டு வாசல். கதவைச் சாத்திக்கொண்டால், இனி சிறகு முளைக்கிற வரைக்கும் தரிசனம் இல்லை.

உள்ளே அது செய்கிற வேலை விசித்திரம். சாதாரணப் புழு மாதிரி இலையைக் கடித்து மெல்லுவதில்லை. தகடு மாதிரித் தட்டையான வாயால் மேல்தோலின் செல்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, கசியும் சாற்றைக் குடிக்கிறது. காலியான இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. நமக்கு வெள்ளியாக மினுங்குவது அந்தக் காற்றுதான். கோட்டின் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கறுப்பு இழை தெரியும். அது புழுவின் எச்சம். போகிற வழியெல்லாம் சாப்பிட்டதற்கு ரசீது போட்டுக்கொண்டே போகிற ஒரே ஜீவன் இதுவாகத்தான் இருக்கவேண்டும். பேரேட்டில் பற்று, வரவு இரண்டும் உண்டு. ஒரு காமர்ஸ் பட்டதாரிக்கு இதைப் பார்த்து மரியாதை வராமல் இருக்குமா?

கோடு ஆரம்பிக்கும் இடத்தில் மயிரிழை. போகப் போக அகலம். புழு வளர வளரப் பாதையும் பெருக்கிறது. மூன்று பருவம் இப்படிக் குடித்தே கழியும். நான்காவது பருவத்தில்தான் வேடிக்கை: சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிடுகிறது. இலையின் ஓரத்துக்கு வந்து, வாயிலிருந்து பட்டு நூல் விட்டு, விளிம்பை இழுத்து மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகப் படுத்துக்கொள்கிறது. இலை சுருண்டது செடியின் நோயினால் அல்ல. உள்ளே ஒருவர் திரை போட்டுக்கொண்டு உறங்குகிறார்! பிறகு ஒரு விடியற்காலையில் கூடு பாதி வெளியே நீட்டிக்கொள்ள, பூச்சி பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் ஆயுசு. முட்டை முதல் சிறகு வரை வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். குளிர் ஊர்களில் ஏழு வாரம்கூட இழுக்கும்.

ஆக, கொழுந்து வந்தால் புழு வரும். நான் என்ன செய்தேன்? இலையைக் கிள்ளினேன், செடி புதுக்கொழுந்து விட்டது. யூரியா போட்டேன், இன்னும் கொழுந்து விட்டது. தாய்ப்பூச்சிக்கு 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று நானே போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன்!

"மருந்து அடிச்சது?" என்று ஈனக்குரலில் கேட்டேன்.

"அதுதான் அண்ணா பெரிய தப்பு. இந்தப் புழுவைத் தேடி வர்ற குட்டிக் குளவிங்க இருக்குது. சிலந்தி, எறும்புன்னு மத்ததும் இருக்குது. நீங்க வெளிய நின்ன போலீஸையெல்லாம் கொன்னுட்டு, திருடனை உள்ள பத்திரமா விட்டுட்டீங்க."

பையன் மாடிக்குப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி உட்கார்ந்து படித்தேன். இந்தப் பூச்சியின் ஜாதகம் சாதாரணம் இல்லை. முதன்முதலில் இதற்குப் பெயர் வைத்தவர் ஸ்டெயின்டன் என்கிற ஆங்கிலேயர், 1856-ல். அவர் கைக்குப் போன பூச்சி கல்கத்தாவிலிருந்து போனது. அதாவது நம்மூர்க்காரர். அப்புறம் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. 1993-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கால் வைத்தது. நம் பையன்கள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விசா வரிசையில் நிற்கத் தொடங்கிய காலம். இது வரிசையில் நிற்காமலே போய்விட்டது. அங்கே ஆரஞ்சுத் தோட்டம்தான் சோறு. ஒரே வருஷத்துக்குள் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. அதே 1993-ல் ஸ்பெயினிலும் ஆஜர்.

அமெரிக்காக்காரன் என்ன செய்தான் தெரியுமா? மருந்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. 1994-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தான். அஜினியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்று பெயர். கண்ணுக்கே தெரியாத சைஸ். அது இந்தப் புழுவின் முட்டையிலோ, பொரித்த குஞ்சுப் புழுவிலோ தன் முட்டையை வைத்துவிடும். அந்த ஒரு முட்டை பல கருக்களாகப் பிரிந்து, கடைசியில் புழு போட்டுவைத்த திரைக்குள்ளிருந்து புழுவுக்குப் பதில் பல குளவிகள் வெளியே வரும். இலைக்குள் புழு வாடகைக்கு இருக்கிறது. புழுவுக்குள் குளவி உள்வாடகைக்கு இருக்கிறது. எந்த ஹவுஸ் ஓனரும் ஒப்புக்கொள்ளாத ஏற்பாடு.

இதைவிடப் பொடி வீட்டில் குடித்தனம் நடத்துகிற கூட்டமும் உண்டு. புல்லுக்குள்! ஒரு புல்லின் அகலம் என்ன இருக்கும்? அதற்குள்ளேயே மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவில் சுரங்கம் வெட்டி வாழ்கிற அந்துப்புழுக்கள். எலாகிஸ்டா என்று பெயர். கிரேக்க மொழியில் 'மிகச் சிறியது' என்று அர்த்தமாம். எலுமிச்சை இலை மாதிரி அங்கே கோலம் போட இடமில்லை. புல்லின் நரம்போடு நரம்பாக நேர்கோட்டில் போகவேண்டியதுதான். ரயில் பெட்டி நடைபாதையில் போவது மாதிரி. பனி கொட்டுகிற தேசங்களில் இவற்றில் பல குளிர்காலம் முழுவதையும் அந்தப் புல்லுக்குள்ளேயே கழித்துவிட்டு, வசந்தத்தில் மிச்சத்தைத் தின்று முடித்து, வெளியே வந்து தண்டில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். மாடு ஒரு வாய் வைத்தால் வீடு, வாசல், குடும்பம் எல்லாம் போச்சு. ஆனாலும் வாழ்கின்றன.

இந்த மாதிரிப் பொடிப் பூச்சிகளுக்குப் பெயர் வைப்பதற்கென்றே ஒருவர் பிறந்திருந்தார். எட்வர்ட் மேரிக். 1854-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். இங்கிலாந்தில் மார்ல்பரோ என்கிற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பூச்சி அவருக்குப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் நம் கோயம்புத்தூரிலிருந்து போனவையும் உண்டு. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்லூரி 1906-ல் கோவைக்கு இடம்மாறி வந்தது. பின்னால் இங்கே பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃப்ளெட்சர், 1914-ல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகமே போட்டார். இரண்டு மில்லிமீட்டர் ஜந்துவைப் பிடித்து, காயவைத்து, ஊசி குத்தி, கப்பலில் அனுப்பி, வாங்கி, பார்த்து, பெயர் வைத்து... நாம் எதிர்வீட்டுக்காரர் பெயரையே கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

சரி, கன்றுக்கு வருவோம். மறுநாள் பையனிடம் கேட்டேன்: "தம்பி, இது செத்துருமா?"

"சாகாது அண்ணா. நாலு வயசு தாண்டின மரம்னா இந்தப் புழுவைக் கண்டுக்கவே கண்டுக்காது. சின்னக் கன்னுன்னா வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். எலுமிச்சைச் சொறி நோய்க் கிருமி இந்தக் காயத்து வழியா நுழையும், அதை மட்டும் பாத்துக்கணும். மத்தபடி கோடு விழுந்த இலையைக் கிள்ளாதீங்க. கோடு இல்லாத இடம் இன்னும் பச்சையாத்தானே இருக்குது? அது செடிக்குச் சோறு பொங்கிக்கிட்டுத்தான் இருக்கும். யூரியா வேண்டாம். மருந்து வேண்டாம். தண்ணி மட்டும் அளவா ஊத்துங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சும்மா இருங்க."

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் காலை, ஊட்டி ரயில் கூவிக்கொண்டு கிளம்புகிற நேரத்துக்குப் போய்ப் பார்ப்பேன். கை நமநமவென்று இருக்கும். கிள்ளாமல் வருவேன்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே பெங்களூருக்கு வீடியோ கால் போட்டேன். போனைச் செடிக்கு நேரே பிடித்தேன்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. நெட் நல்லாத்தானுங்க இருந்துது. கன்னுதான் நல்லா இல்லீங்க. பூச்சி விழுந்து, நான் மருந்தடிச்சு, எலையக் கிள்ளி, யூரியா போட்டு... கெடுத்துட்டேனுங்க. ஒரு மாசமா பொய் சொல்லிட்டு இருந்தேனுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் குழந்தை அழுகிற குரல் மட்டும் கேட்டது. நான் மனசுக்குள் வேறு வீடு தேட ஆரம்பித்திருந்தேன்.

"போனைக் கொஞ்சம் கிட்டக்க வெய்யுங்க தம்பி... இன்னும் கிட்டக்க."

வைத்தேன்.

"இதானுங்களா? இது போன வருசமும் வந்துதுங்க. அவரு போனதுக்குப் பொறகு நான் எங்க அதைக் கவனிச்சேன்? மருந்தும் அடிக்கல, தண்ணியும் ஒழுங்கா ஊத்தல. அதுவா வந்துது, அதுவா போச்சுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பூச்சி வந்தா பூச்சி வந்துதுன்னு சொல்லிப்போடோணுமுங்க தம்பி. நாலு வாரமா நெட்டு இல்லீன்னா, கன்னு போயிருச்சாட்டத்துக்குன்னு நான் இங்க ராத்திரியெல்லாம் அழுதுட்டு இருந்தனுங்க."

எனக்கு வாயே வரவில்லை. புழு தின்றது பத்து இருபது இலை. என் பொய் தின்றது ஒரு மனுஷியின் நாலு வாரத் தூக்கம். இதில் பூச்சிக்கொல்லி யாருக்கு அடித்திருக்க வேண்டும்?

தை மாசம் அந்த அம்மா வந்து சேர்ந்தார். பேரன் போட்டோ காட்டினார். உள்ளே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பொடக்காலிக்கு நடந்தார். கன்று நின்றது. கீழே பழைய இலைகள் சுருண்டு, மேலே புதிதாக இருபது முப்பது இலைகள் சுத்தமாக. அதிலும் இரண்டில் மட்டும் வெள்ளிக்கோடு. நான் மெதுவாக, "இது ரெண்டு இருக்கட்டுமுங்க, கிள்ளக் கூடாதாம்" என்றேன்.

அவர் அந்த இலையைக் கிள்ளவில்லை. மடித்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவரு கையெழுத்தும் இப்புடித்தானுங்க இருக்கும். மண்டியில ஒருத்தருக்கும் புரியாது. ஆனா கணக்கு மட்டும் ஒரு நாளும் தப்பாதுங்க."

அந்த மாச வாடகையை நான் ஒண்ணாம் தேதியே கொடுத்துவிட்டேன்.